செவ்வாய்க்கிழமை ஒடெட்

எங்கள் நகராட்சியில் பிறப்பும் இறப்பும் என் சன்னல். கல்யாணமும் நாயும் ஒடெட்டின் சன்னல். இப்படிப் பிரித்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது. கல்யாண உரிமம் கேட்டு வருகிறவர்களும் நாய்க்கு உரிமம் கேட்டு வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மணப்பெண்ணின் புதுச் செருப்பை முன்னால் நிற்கிறவரின் நாய் நக்கிக்கொண்டிருக்கும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ளும் வேலையை ஒடெட் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள்.

ஒடெட் ரபோசோ ஒன்பது வயதில் போர்ச்சுகலின் சாவோ மிகேல் தீவிலிருந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இந்த அமெரிக்கத் துறைமுக ஊருக்கு வந்தவள். அம்மா தையல் ஆலையில் சட்டைக் கை வைத்தாள். மகள் இரண்டு மொழியில் தட்டச்சு பழகினாள். இருபத்திரண்டு வயதில் நகராட்சியில் சேர்ந்து அந்தச் சன்னலில் உட்கார்ந்தவள் முப்பத்தாறு வருஷமாக எழுந்திருக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அவள் கையால் முத்திரை வாங்கித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அவள் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வரிசையில நிக்க எனக்கு நேரம் எங்கடி இருக்கு?" என்பாள்.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் 'செவ்வாய்க்கிழமை'. காரணம் சன்னலுக்கு மேலே தொங்கிய பலகை. கல்யாணத்துக்கு மனுப் போட்டால் மூன்று நாள் கழித்துத்தான் உரிமம் கிடைக்கும் என்பது எங்கள் மாநிலச் சட்டம். மனுப் போட்ட நாள் கணக்கில் வராது. சனிக்கிழமை அலுவலகம் கிடையாது. ஆகவே சனிக்கிழமை கல்யாணம் என்றால் செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்குள் இருவரும் நேரில் வந்து சத்தியம் செய்ய வேண்டும். இதை அவள் ஆங்கிலம், போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் மூன்றிலும் தன் கையாலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தாள். 'செவ்வாய்' என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் சிவப்பு மையில் மூன்று கோடு.

அப்படியும் வியாழக்கிழமை வருவார்கள். அழுவார்கள். மண்டபம் பேசியாகிவிட்டது என்பார்கள், கேக் சொல்லியாகிவிட்டது என்பார்கள். ஒடெட் கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில், "படிவத்துக்குக் கண்ணீர் தெரியாதும்மா. மூக்கைத் துடைச்சுக்க" என்று காகிதக் கைக்குட்டையையும், நீதிமன்றத்தில் அந்த மூன்று நாளுக்கு விலக்குக் கேட்கிற மனுவையும் சேர்த்து நீட்டுவாள். "ஜட்ஜு காரணம் கேப்பாங்க. 'மறந்துட்டோம்'னு சொல்லாதீங்க. அது காரணமில்ல, நோய்."

அதற்காக அவளை ஈரமில்லாதவள் என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவள் மேசை இழுப்பறையில் ஊக்கு, சீப்பு, புதினா மிட்டாய், மாப்பிள்ளைகளின் அவசரத்துக்கு ஒரு டை எல்லாம் இருக்கும். 'தாயின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்' என்ற கட்டத்தில் முக்கால்வாசி ஆண்கள் மாட்டிக்கொள்வார்கள்.

"உங்க அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேருப்பா?"

"அம்மாதான் மேடம்."

"போனைப் போட்டு அவங்களையே கேளு. பெத்ததுக்கு அந்த மரியாதையாவது பண்ணு."

நானே இரண்டு முறை அந்தச் சன்னலில் நின்றவள். இரண்டாம் முறை 'இது எத்தனையாவது கல்யாணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். ஒடெட் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டுன்னு போடு லூர்டெஸ். வெட்கப்படறதுக்கு இதுல கட்டம் கிடையாது" என்றாள். அந்தக் கல்யாணமும் நிற்கவில்லை. ஆனால் அதில் ஒடெட்டின் முத்திரைக்குப் பங்கில்லை.

உரிமத்தைக் கையில் கொடுக்கும் முன் ஒவ்வொரு வரியையும் ஜோடியை உரக்கப் படிக்க வைப்பாள். "எல்லாம் சரியா?" என்று கேட்பாள். சரி என்றால் முத்திரை விழும். பிறகு எல்லோருக்கும் ஒரே வாழ்த்து: "வாழ்த்துகள். பேனாவை வச்சிட்டுப் போங்க." கல்யாணக் களையில் இருப்பவர்கள் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், அதைத் தூண்டில் நரம்பில் கட்டிச் சன்னல் கம்பியோடு முடிச்சுப் போட்டிருந்தாள். அது மீனவன் மகள் போட்ட முடிச்சு, யாராலும் அவிழ்க்க முடிந்ததில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஐம்பத்தெட்டு வயதில் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஜெர்மானோ கோர்வெலோ, படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்க்கிறவர். மனைவியை இழந்து பத்து வருஷம் ஆனவர். பிமென்டா என்று ஒரு கறுப்பு நாய் வைத்திருந்தார். நாய் உரிமத்தை வருஷா வருஷம் மார்ச் மாதம் புதுப்பிக்க வேண்டும். தபாலிலேயே அனுப்பலாம். இவர் மட்டும் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நேரில் வருவார். போன வருஷம் மார்ச்சில் வந்தவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இனிமே உரிமம் வேண்டாம் மேடம். பிமென்டா போயிட்டான்" என்றார்.

அன்றுதான் ஒடெட் சன்னலைவிட்டு வெளியே வந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தன் மதியச் சாப்பாட்டிலிருந்து இனிப்பு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். நாயின் அட்டையில் 'இறந்தது, மார்ச் 9' என்று எழுதும்போது அவள் மூக்கு சிவந்திருந்தது. அந்த வாரமே அவர் வீட்டுக்குக் கீரை சூப் ஒரு பானை போனது. அடுத்த வாரம் இன்னொரு பானை. ஒரு நாய்க்கு இவ்வளவு துக்கமா என்று நான்கூடக் கேட்டேன். "துக்கம் துக்கந்தாண்டி. வால் இருந்தா என்ன?" என்றாள்.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமைக்குக் கல்யாணம் குறித்தார்கள். ஜெர்மானோவின் அண்ணன் எர்மீனியோ இருபத்தாறு வருஷம் கழித்துத் தீவிலிருந்து வருகிறார். செவ்வாய் இரவு வந்து இறங்கி, ஞாயிறு காலை விமானம் ஏற வேண்டும். வயது எழுபத்தெட்டு, இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. தம்பி பக்கத்தில் நிற்பதற்காகவே வருகிறார். நூற்று நாற்பது பேருக்குச் சாப்பாடு. அந்தச் சனிக்கிழமையை விட்டால் அண்ணன் இல்லாத கல்யாணந்தான்.

செவ்வாய் மாலை நாலு மணிக்கு ஜெர்மானோ வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒடெட் தன் படிவத்தை எப்போதோ தட்டச்சு செய்து இழுப்பறையில் வைத்திருந்தாள். வரிசை முடியட்டும் என்றாள். மீன் ஆலையிலிருந்து ஒரு ஜோடி நாலேகாலுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தது. பையனுக்கு அம்மா பெயர் தெரியவில்லை, அம்மா போனை எடுக்கவில்லை. அத்தைக்குப் போட்டு, சித்திக்குப் போட்டு, நாலு இருபத்தெட்டுக்குப் பெயர் கிடைத்து, நாலு இருபத்தொன்பதுக்கு ஒடெட் ஓங்கி முத்திரை குத்தினாள். "அப்பாடா, முடிஞ்சுது" என்றாள். ஜெர்மானோ எழுந்து, "கிளம்பலாமா? ப்ளேன் வந்துரும்" என்றார். இரண்டு பேரும் விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். ஜந்தீரா என்று பெயர். பின்னால் ஒரு நெட்டைப் பையன். இவர்களுக்கும் சனிக்கிழமைதான் கல்யாணம். ஒடெட் பலகையைக் காட்டினாள். அவள் அழுதாள். ஒடெட் கைக்குட்டையை நீட்டினாள்.

"போர்டு எத்தனை பெருசா தொங்குது? மூணு பாஷையில எழுதியிருக்கேன். நாலாவது பாஷை ஏதாவது வேணுமா?"

"கல்யாண டென்ஷன்ல மறந்துட்டோம் அக்கா…"

"மறக்கிறதுக்கு இது என்ன குடையா? இரு, கோர்ட்டு மனு தர்றேன்."

இழுப்பறையைத் திறந்தாள். திறந்தவள் மூடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மனுக் கட்டுக்கு மேலே அவளுடைய படிவம் கிடந்தது. தேதி முத்திரை இல்லை. சத்தியம் வாங்கிய கையெழுத்து இல்லை. செவ்வாய் மாலை முத்திரை குத்திய நினைவு அவள் கையில் இருந்தது. ஆனால் குத்தியது மீன் ஆலைப் பையனின் படிவத்தில்.

ஜந்தீராவிடம் மனுவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒடெட் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"பாதர்கிட்ட பேசிப் பாப்போமா?" என்றேன்.

"லைசென்ஸ் இல்லாம ஆசீர்வாதம் பண்ணாதீங்கன்னு அந்த மனுஷனை நடுக் கோயில்ல வச்சுத் திட்டினதே நான்தாண்டி."

தேதி முத்திரை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பித்தளைச் சக்கரம். விரலால் இரண்டு பல் பின்னால் தள்ளினால் வியாழன் செவ்வாயாகிவிடும். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் இங்கேதானே இருந்தார்கள்! நான் பார்த்த சாட்சி. யாருக்கு என்ன நஷ்டம்? கையை வைத்தேன்.

"லூர்டெஸ். சக்கரத்தைத் தொட்டே, விரலை ஒடிச்சிருவேன்."

"உன் நல்லதுக்குத்தானே…"

"இத்தனை வருஷமா எத்தனை பேரை அழ அழத் திருப்பி அனுப்பியிருக்கேன்? எனக்கு மட்டும் சக்கரம் பின்னாடி சுத்துமா? இன்னைக்கு என்ன கிழமையோ அதைக் குத்து. அந்த மனுஷனுக்குப் போனைப் போடு."

ஜெர்மானோ கிரீஸ் கையோடு ஓடி வந்தார். தனக்குத் தானே சத்தியம் வாங்க முடியாது என்பதால் ஒடெட் சன்னலுக்கு வெளியே வந்து நிற்க, நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். படிவத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று இருவரும் வலது கையைத் தூக்கிச் சொன்னார்கள். வியாழக்கிழமை முத்திரையைக் குத்தினேன். பிறகு நானே காரில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனேன். ஒடெட்டுக்குக் கார் ஓட்டத் தெரியாது. விதி எதையாவது மீறிவிடுவோமோ என்ற பயம் என்று நான் நினைக்கிறேன்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்னால் நின்றது யார்? ஜந்தீரா. ஒடெட்டையும் அவள் கையிலிருந்த மனுவையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுத கண்ணெல்லாம் சிரிப்பானது.

"என்னக்கா, போர்டைப் படிக்கலியா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒடெட் காது நுனி வரை சிவந்தாள். "படிச்சேன். எழுதினதே நான்தான்" என்று முணுமுணுத்தாள். பிறகு அந்தப் பெண் மனுவில் இப்போதே மாப்பிள்ளையின் குடும்பப் பெயரைப் போட்டிருப்பதைப் பார்த்து, பேனா வாங்கித் திருத்திக் கொடுத்தாள். பழக்க தோஷம். அந்த ஜோடி உள்ளே போய் ஐந்தே நிமிடத்தில் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பையன் திங்கட்கிழமை கடலுக்குப் போகிறானாம், திரும்ப மூன்று மாதம் ஆகுமாம். அது காரணம்.

எங்கள் முறை வந்தது. நீதிபதி நரைமுடி அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். சொல்வதெல்லாம் உண்மை என்று இருவரிடமும் சத்தியம் வாங்கினார்கள். அப்போதே ஜெர்மானோவின் நெற்றி வியர்த்தது. கூச்ச சுபாவம், அதனால் என்று நினைத்தேன்.

"மிஸ் ரபோசோ," என்றார் நீதிபதி. "நீங்க அனுப்பின ஆளுங்களை வருஷக் கணக்கா பாத்துட்டு இருக்கேன். எல்லாரும் நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே பேசுவாங்க. உங்க காரணம் என்ன?"

ஒடெட் நிமிர்ந்து நின்றாள். "மறந்துட்டேங்க அம்மா" என்றாள்.

"அது காரணமில்லைன்னு நீங்களே சொல்வீங்களாமே."

"ஆமாங்க. அது நோய்தான்."

நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். அண்ணன் ஞாயிறு திரும்பிப் போவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "சரி. இந்த மூணு நாளை சட்டம் எதுக்கு வச்சிருக்குன்னா, யாரும் அவசரத்துல விழுந்துடக் கூடாதுன்னுதான். உங்களுக்குள்ள எத்தனை நாள் பழக்கம்? எப்படி?"

"இவர் நாய் மூலமாங்க," என்றாள் ஒடெட். "லைசென்ஸுக்கு வருவார். போன வருஷம் மார்ச் ஒன்பதாம் தேதி அது செத்துப் போச்சு. அப்புறந்தான் பேச்சு வார்த்தை."

"அப்படித்தானே மிஸ்டர் கோர்வெலோ?"

ஜெர்மானோ தொப்பியைச் சுற்றினார், நிறுத்தினார், மறுபடி சுற்றினார்.

"சத்தியம் பண்ணிட்டேங்களே அம்மா," என்றார். "நாய் அன்னைக்குச் சாகலை."

"உயிரோட இருக்கா?"

"இல்லைங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செத்துப் போச்சு."

ஒடெட் மெல்லத் தலையைத் திருப்பினாள். "ரெண்டு வருஷமா? நடுவுல ரெண்டு மார்ச் வந்து லைசென்ஸ் வாங்கிட்டுப் போனீங்களே?"

"வாங்கினேன்."

"செத்த நாய்க்கா?"

"தடுப்பூசிக் காகிதம் மூணு வருஷத்துக்குச் செல்லும். அதை வச்சு ஓட்டினேன். போன மார்ச்சோட அது முடிஞ்சுது. புதுசு வேணும்னா டாக்டர்கிட்ட நாயைக் காட்டணும். நான் எதைக் காட்டறது? வேற வழியில்லாமத்தான் செத்துப் போச்சுன்னு சொன்னேன்."

"நான் அழுதேனே! சூப் கொண்டு வந்தேனே! ஒரு பானையா, ரெண்டு பானை!"

"சூப் நல்லா இருந்துச்சு" என்றார் பாவி மனிதர்.

அவரே தொடர்ந்தார்: "உங்க சன்னலுக்கு வேற எந்தச் சாக்குல வர்றது ஒடெட்? கல்யாணத்துக்கும் அதே வரிசை, நாய்க்கும் அதே வரிசை. எனக்கு நாய்க்கு நிக்கத்தான் தைரியம் இருந்துச்சு."

எனக்குப் பின்னால் காவலர் இருமுவது போல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மிஸ் ரபோசோ, இப்ப நான் கேக்கறது உங்களை. யோசிக்கிறதுக்குச் சட்டம் உங்களுக்கு மூணு நாள் கொடுக்குது. அதை வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்க. இதைக் கேட்டதுக்கு அப்புறமும் வேண்டாமா? வேணும்னா சொல்லுங்க, மனுவைத் திருப்பிக் கொடுத்துடறேன். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

ஒடெட்டை எனக்குத் தெரியும். பிறந்த தேதியில் ஒரு நாள் மாற்றிச் சொன்ன மாப்பிள்ளையை உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டு வாசல்வரை துரத்தியவள் அவள். பொய்க் கையெழுத்து அவளுக்குப் பொறுக்காது. இந்த மனிதர் இரண்டு வருஷம், அவள் கண்ணைப் பார்த்தே, அவள் அட்டையிலேயே பொய் எழுத வைத்திருக்கிறார். ஜெர்மானோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பி கையில் கசங்கிப் போயிருந்தது.

"முப்பத்தாறு வருஷமா என் சன்னலுக்கு எல்லாரும் இன்னொருத்தருக்காகத்தான் வந்தாங்க அம்மா," என்றாள் ஒடெட். "எனக்காக ஒருத்தர் வந்து வரிசையில நின்னிருக்கார். அதுவும் கையில நாய்கூட இல்லாம. எனக்கு மூணு நாள் வேண்டாம்."

நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஆனா பத்து நிமிஷம் வேணும்," என்றாள் ஒடெட். "அந்த நாய் அட்டையைத் திருத்தணும்."

நீதிபதி அப்போதுதான் சிரித்தார். விலக்கு உத்தரவில் கையெழுத்துப் போடும்போதும் சிரித்துக்கொண்டே போட்டார்.

திரும்பும் வழியில் காரில் ஜெர்மானோ ஒருமுறை, "கோவமா?" என்றார். "கோவந்தான். அது பாட்டுக்கு அது இருக்கும்" என்றாள் ஒடெட்.

அலுவலகத்துக்கு வந்ததும் நாய்ப் பெட்டியைத் திறந்து பிமென்டாவின் அட்டையை எடுத்தாள். 'மார்ச் 9' மேல் ஒற்றைக் கோடு போட்டாள்.

"எப்ப செத்துச்சு? நிஜமா சொல்லுங்க."

"நவம்பர் இருபத்திரண்டு. காலையில. என் பூட்ஸ் மேல தலை வச்சுப் படுத்திருந்தான்."

ஒடெட் வருஷத்தையும் கணக்குப் போட்டு எழுதினாள். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள். அந்த அட்டையை உள்ளே வைக்கும் முன் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அவள் மூக்கு மறுபடியும் சிவந்தது. அந்த நாய்க்கு இரண்டாவது முறை துக்கம் காத்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து உரிமத்தை அச்செடுத்தேன். சன்னல் வழியாக இருவரிடமும் நீட்டி, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னேன். ஜெர்மானோவின் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்ன என்று நான் கேட்காமலேயே அவர் சொன்னார். அதற்கே ஒரு முத்திரை குத்தலாம்.

"எல்லாம் சரியா?" என்றேன்.

ஒடெட் ஜெர்மானோவைப் பார்த்தாள். அவர் உரிமத்தைப் பார்க்காமல் நாய்ப் பெட்டியைப் பார்த்தார்.

"இப்பத்தான் எல்லாம் சரி" என்றார்.

குத்தினேன். இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒடெட்டின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கிளம்புவதைப் பார்த்து உரிமத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"படிவத்துக்குக் கண்ணீர் தெரியாது. மூக்கைத் துடைச்சுக்க" என்று கைக்குட்டையை நீட்டினேன். இத்தனை வருஷம் காத்திருந்து சொன்ன வசனம். "வாழ்த்துகள் ஒடெட். பேனாவை வச்சிட்டுப் போங்க."

அவள் ஜெர்மானோவிடம் கையை நீட்டினாள். எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். ஒடெட் ரபோசோ, முப்பத்தாறு வருஷமாக ஒரு பேனாவைக்கூடக் கோட்டைவிடாதவள், தன் கையாலே போட்ட தூண்டில் முடிச்சை அறுத்து, பேனாவைக் கைப்பைக்குள் போட்டுச் சடக்கென்று மூடினாள்.

"நாளைக்கு வந்து வேற கட்டறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.